பட்டன் இருக்கே, அக்கா!

வேளாங்கண்ணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்தால் பாதித் தென்னிந்தியாவின் டயர்களைப் பார்த்துவிடலாம். கேரளப் பதிவெண், கர்நாடகப் பதிவெண், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றையும் ஒரே பகலில் முடித்துவிடும் டூரிஸ்ட் வேன்கள், மந்திரிப்பதற்காகக் கொண்டுவந்த, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட உரிக்காத புதுக் கார்கள். சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது எல்லோருடைய கண்ணும் மாலை போட்ட பானெட்டில்தான் இருக்கிறது. நான் குனிந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். தம்பி நாலடி தள்ளியே வந்தான். அக்காவோடு வந்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற கவலை அவனுக்கு.

நான் தேடியது நாலு இலக்கம். எந்த டயரை எடுத்தாலும் பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் நீளமான குறியீடு ஒன்று இருக்கும். அதன் கடைசியில் சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண்கள். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் முதல் வாரத்தில் அச்சிலிருந்து வெளிவந்த டயர். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இது முழுசாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டியவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தால் வண்டிக்கு அடியில் தலையை விட்டுத்தான் படிக்க வேண்டும். அப்படியும் படித்தேன். பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு வேனின் டயரில் 17 என்று முடிந்தது. பட்டன், அதாவது சாலையைத் தொடும் பக்கத்து ரப்பர்க் கட்டங்கள், தேயாமல் ஆழமாக இருந்தது. அந்த ஓட்டுநரைக் கேட்டால் 'நல்ல டயர்ங்க' என்றுதான் சொல்லியிருப்பார்.

எங்கள் வண்டி ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி. டயரில் 1119. அதாவது 2019 மார்ச். ஓடியது நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தொடவில்லை. காவிரி டெல்டாவில் நடுத்தரக் குடும்பத்துக் கார் பெரும்பாலும் இப்படித்தான். தஞ்சாவூர் மெடிக்கல் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை, கும்பகோணத்தில் கல்யாணம், பொங்கல் முடிந்து சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரிசிச் சிப்பம் ஏற்றிக்கொண்டு ஒரு நீண்ட பயணம். மற்ற நாளெல்லாம் வாசலில் வெயிலில் நிற்கும். ஓடித் தேய்வதற்குள் டயருக்கு வயதாகிவிடுகிறது.

வேளாங்கண்ணி ஆர்ச்சிலிருந்து கொஞ்சம் தள்ளிய பஞ்சர் கடையில் முதலில் நிறுத்தினோம். திருவிழா நேரத்தில், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை, ராத்திரியும் பகலும் திறந்திருக்கும் கடை. இப்போது கூட்டம் ஓய்ந்து நிதானமாகப் பேசும் மனநிலையில் இருந்தார் கடைக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். டயரில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னார்.

"பட்டன் இருக்கே, அக்கா. இன்னும் பத்தாயிரம், பதினஞ்சாயிரம் தாராளமா ஓடும். எதுக்குக் காச வீணாக்குறீங்க?"

டயர் விற்காத மனிதர், நம் பணத்தை மிச்சப்படுத்தத்தான் சொல்கிறார். ஆனால் பட்டன் மட்டும் டயர் இல்லை. பட்டன் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது. பள்ளங்களுக்கு நடுவே குறுக்கே சின்ன ரப்பர் மேடு ஒன்று வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. எங்கள் டயரில் அந்த மேட்டுக்கு மேல் இன்னும் நிறைய இருந்தது, உண்மைதான்.

நான் பக்கச் சுவரைக் காட்டினேன். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், சித்திரை மாதத்துக் கடைமடை வயல் போல மெல்லிய வெடிப்புகள் விளிம்பைச் சுற்றி ஓடியிருந்தன. ரப்பருக்குள் மெழுகும் வேறு சில காப்புப் பொருள்களும் கலந்திருக்கும். சக்கரம் உருண்டு நெளியும்போது அவை மேலே கசிந்து வந்து வெயிலிலிருந்தும் காற்றிலுள்ள ஓசோனிலிருந்தும் மேற்பரப்பைக் காக்கும். நின்றபடியே நிற்கும் வண்டியில் அது நடப்பதில்லை. ரப்பர் இறுகுகிறது, வெடிக்கிறது. இறுகிய ரப்பர் மழைச் சாலையில் பிடிக்காது. கோடை மத்தியானத்தில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகும்போது பக்கச் சுவர் பிளந்து போவதும் இதனால்தான். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் காட்டிப் பாருங்கள், பத்து வருஷமானால் பட்டன் எப்படியிருந்தாலும், ஸ்டெப்னியாகவே இருந்தாலும், கழற்றிவிடுங்கள் என்று மிஷலின் போன்ற டயர் கம்பெனிகளே சொல்கின்றன. கார் கம்பெனிகள் சில ஆறு வருஷம் என்கின்றன. அதெல்லாம் இந்த உப்புக்காற்றையும் வெயிலையும் மனதில் வைத்துச் சொன்ன கணக்கல்ல. நம் ஊருக்கு ஆறு என்பதே என் கட்சி.

கடைக்காரர் மறுக்கவில்லை. "நாகப்பட்டினத்துல மாத்திக்குங்க. டிஸ்க்க மட்டும் நல்லா தேய்க்கச் சொல்லுங்க" என்றார். கடலோர ஊரில் இரும்பு டிஸ்க்கின் விளிம்பில் துரு ஏறி, டயர் உட்காரும் இடத்தில் காற்று மெல்ல மெல்லக் கசியும். பஞ்சரே இல்லாமல் வாரத்துக்கு ஒருமுறை காற்று இறங்கும் பல வண்டிகளுக்கு நோய் இதுதான். அன்று கிடைத்த யோசனைகளில் இது உருப்படியானது.

பரவை வழியாக நாகப்பட்டினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். முதல் கடையின் வாசலை டிராக்டரின் பின் டயர்கள் அடைத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் லாரி டயர், பைக் டயர், டயர் மாட்டுவண்டிக்கான டயர். கார் டயர்கள் உள்ளே, மேலடுக்கில். விவசாய ஊரில் எது விற்கிறதோ அதுதானே முன்னால் இருக்கும்? சிக்கலும் அங்கேயே இருக்கிறது. மெதுவாக விற்கும் அளவுகள் அடுக்கிலேயே கிழடாகின்றன.

"185/65 ஆர்15 இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் தம்பியைப் பார்த்து, "இருக்கு சார், எந்தக் கம்பெனி வேணும்?" என்றார். தம்பிக்குப் பஞ்சரானால் ஜாக்கியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாது. அன்று முழுக்க இப்படியே நடந்தது. நான் கேட்பேன், பதில் அவனுக்குப் போகும். அவன் என்னைப் பார்ப்பான்.

அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது டிஸ்க்கின் குறுக்களவு, அங்குலத்தில். இதுவரை எல்லோரும் பார்ப்பார்கள். இதற்குப் பின்னால் 88எச் என்று ஒன்று இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை. 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். வேகம் கிடக்கட்டும், நம் சாலைகளில் அதற்கு வேலையில்லை. எடை முக்கியம். ஏழு பேர், பெட்டிகள், பின்னால் அரிசிச் சிப்பம், தேங்காய், அம்மா கட்டிக்கொடுத்த வடகம் என்று சென்னைக்குக் கிளம்பும் வண்டிக்கு 88 போட வேண்டிய இடத்தில் 82 போட்டால், ஒரு டயர் 475 கிலோதான் தாங்கும். அளவு சரியாக இருந்தும் எடை எண் குறைவான டயர்கள் வருவதுண்டு. வண்டியோடு வந்த எண்ணுக்குக் குறையாமல் கேளுங்கள், கூடினால் பாதகமில்லை.

ஏணி போட்டு இறக்கிய டயரில் துணியால் தூசியைத் துடைத்தேன். 0823. 2023 பிப்ரவரி. பெயர் பெற்ற கம்பெனி, ஐ.எஸ்.ஐ. முத்திரை, விரல் படாத பட்டன். ஆனாலும் இரண்டரை வருஷத்துக்கு மேல் மேலடுக்கில் தகரக் கூரைச் சூட்டில் இருந்த சரக்கு. நான் ஆறு வருஷம் ஓட்டப் போகிறேன் என்றால் அதில் கிட்டத்தட்டப் பாதியை அந்தக் கூரை ஏற்கெனவே தின்றிருக்கிறது.

"புது டயர் சார் இது, ஓடவே இல்லையே!"

விலை கேட்டதும் இன்னொரு யோசனையும் சொன்னார். "ஸ்டெப்னி புத்தம்புதுசா இருக்கும்ல? அத ஒரு பக்கம் போட்டுட்டு மூணு வாங்குங்க. ஒரு டயர் காசு மிச்சம்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தம்பி சரியென்று தலையாட்டவே ஆரம்பித்துவிட்டான். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் புரட்டினோம். பட்டனில் அச்சு முடிகூட உதிரவில்லை. நாலு இலக்கம் மட்டும் அதே 2019. ஒரு கிலோமீட்டர்கூட உருளாத கிழவன். அவசரத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் மெதுவாக உருட்டிக்கொண்டு போக அது போதும். புது மூன்றோடு நாலாவதாக நிரந்தரமாகப் போட முடியாது.

சரக்கு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, மழைக்காலம் வருகிறது, இன்றே முடித்தால் என்ன என்று தோன்றும். தோன்றினாலும் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டாவது கடையில் என் அளவே இல்லை. ஆனால் அங்கிருந்தவர் செல்போனில் தஞ்சாவூர் டீலரைப் பிடித்தார். "இந்த வருஷத்துச் சரக்கு மட்டும் அனுப்புங்க, பழசு வந்தா திருப்பிடுவேன்" என்று நான் சொல்லாமலே சொன்னார். இவர் என்னைப் பார்த்தே பேசினார் என்பதையும் பதிவு செய்கிறேன். மறுநாள் காலைப் பார்சல் வண்டியில் வருவதாக ஏற்பாடு.

எந்தக் கம்பெனி? திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் நாலு பெயர் சொன்னார்கள். சுவரில் டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் எம்.ஆர்.எப். பயில்வான். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். 1946-இல் திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். 1961-இல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயருக்கு வந்தார். இன்று அதற்கு அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் ஆலை. அப்பல்லோவுக்கு ஒரகடத்தில், சியட்டுக்கும் ஜே.கே.வுக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில். டயர் என்று பார்த்தால் தமிழ்நாடு சொந்த வீடு. அதனால் எந்தப் பெரிய கம்பெனிச் சரக்கும் இங்கே புதிதாகக் கிடைக்க வழியிருக்கிறது. கிடைக்காவிட்டால் அது கடையின் அடுக்கில் தேங்கியதால்தான். நடுத்தரப் பெயருள்ள கம்பெனியின் நாலு மாத டயரும், உச்சத்திலிருக்கும் கம்பெனியின் மூன்று வருஷ டயரும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் முதலாவதையே எடுப்பேன்.

கம்பெனியை விட நான் கவனித்தது மழைப் பிடிப்பு. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் சோதனைக் காலம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது வேகமாகப் போனால், டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ள நேரம் போதாமல் சக்கரம் தண்ணீர் மேலேயே மிதந்துவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், பிரேக் கேட்காது. சாலையில் உருளும்போது ஏற்படும் இழுப்பு, ஈரச் சாலைப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் டயர்கள் தேற வேண்டிய அளவுகளை மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. சில டயர்களில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது. அதில் நட்சத்திரம் கூடினால் மழையிலும் கூடுதலாகப் பிடிக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. நான் அகலமான நீள்பள்ளங்கள் உள்ள, மழைக்கென்று கம்பெனியே முன்னிறுத்தும் வகையைக் கேட்டேன். மைலேஜ் கொஞ்சம் குறையட்டும்.

விலையைப் பொறுத்தவரை இந்த அளவுக்கு ஒரு டயர் ஐயாயிரத்தில் தொடங்கி ஏழாயிரத்தைத் தாண்டுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டிராக்டர் டயருக்கு 5 சதவீதம். வரிக்கு முன் 5,000 ரூபாய் உள்ள டயர் முன்பு 6,400, இப்போது 5,900. நாலு டயருக்கு இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். பழைய அட்டை விலையில் 'டிஸ்கவுன்ட்' என்று இதையே யாராவது தள்ளுபடியாகக் காட்டினால் மயங்க வேண்டாம். பில் இல்லாமல் வாங்கினால் உத்தரவாதமும் இல்லை.

மறுநாள் டயர் வந்ததும் கட்டுப் பிரிக்கும் முன் நாலிலும் எண் பார்த்தேன். எல்லாம் 2025, இரண்டு வார இடைவெளிக்குள். மாட்டும் பையன் கைத்தேர்ச்சி உள்ளவன். டிஸ்க் விளிம்பைக் கம்பி பிரஷால் தேய்த்தான், ரப்பர் வால்வை மாற்றினான். புது டயரின் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும். டயரில் எடை குறைந்த இடம் அது. வால்வுக்கு நேராக அதை வைத்து ஏற்றினால் பேலன்சிங்கில் ஈயத்துண்டு குறைவாகப் போதும். பையன் அதைக் கண்டுகொள்ளாமல் ஏற்றப்போனான். சொன்னதும் சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தான்.

அந்த நேரத்தில் ஒரு பெரியவர் இரண்டு டயர் மட்டும் மாற்ற வந்தார். புதுசை முன்னால் போடு என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் இதுதான் சொல்வார்கள். முன் சக்கரம்தான் இழுக்கிறது, முன் சக்கரம்தான் திரும்புகிறது, நல்லது அங்கேதானே வேண்டும்? டயர் கம்பெனிகள் நேர்மாறாகச் சொல்கின்றன. ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்தால் வண்டி பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழக்கமில்லாதவர் கையில் அது நிற்காது. அதனால் இரண்டுதான் வாங்குகிறீர்கள் என்றால் புதுசு பின்னால். பெரியவரிடம் சொன்னேன். கடைக்காரரும் ஆமென்றார். "நாப்பது வருஷமா முன்னாடிதாம்மா போடுறேன்" என்று சொல்லிவிட்டு முன்னாலேயே போட்டுக்கொண்டு போனார். மரியாதையாகத்தான் மறுத்தார்.

அலைன்மென்ட்டுக்குத் தனிக் காசு, அவசியம் செய்ய வேண்டும். டெல்டாவில் டிராக்டர்கள் சேற்று உழவுக்கான இரும்புக் கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறிக் கீறிவிடுகின்றன. சாலையில் பாதியை நெல் காயவைக்கப் பிடித்துக்கொள்ளும்போது ஓரத்தில் இறங்கி ஏறுகிறோம். உளுந்து எடுக்கும் காலத்தில் செடியைச் சாலையில் பரப்பி நம் சக்கரத்தை வைத்தே அடித்துக்கொள்கிறார்கள். சக்கரத்தின் நேர் மாறாமல் என்ன செய்யும்? நேர் மாறினால் புது டயரின் ஒரு விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். கம்ப்யூட்டர் திரையில் முன்பு இருந்த அளவும் சரிசெய்த பிறகு வந்த அளவும் இரண்டும் உள்ள தாளை வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரஜன் வேண்டுமா என்றார்கள். நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், காசு கொடுத்து மிச்சத்தை நிரப்ப எனக்கு அவசியம் தெரியவில்லை. நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரேயடியாக இறுக்காமல் கைச் சாவியால் குறுக்கும் நெடுக்குமாக முடிக்கச் சொன்னேன். நடுச்சாலையில் பஞ்சரானால் நாம்தானே கழற்ற வேண்டும்?

எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய ஏற்றினால் பின்னால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு. அதை நிரப்பினால் நடுப்பட்டன் மட்டும் தேயும். குறைவாக வைத்தால் இரண்டு ஓரமும் தேயும், சூடும் ஏறும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில் பார்ப்பதே சரியான கணக்கு.

பில் போட்டு முடித்ததும் கடைக்காரர் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். "பழச இங்கயே விட்டுருங்க, நாலுக்கும் சேத்து ஏதாச்சும் கழிச்சுக்கிறேன்."

வீட்டுக்குக் கொண்டுபோய் மொட்டைமாடியில் போட்டால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு வளரும். போகிக்கு எரிக்கவே கூடாது. விட்டுவிட்டுப் போவதுதான் வழி. ஆனால் எங்கே போகும் என்று கேட்டேன். நல்ல பட்டன் உள்ளதை செகண்ட்ஸில் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறதாம். பாலிஷ் அடித்தால் வெடிப்பும் தெரியாது. எங்கள் 2019 டயர், ஆறாயிரம் ரூபாய் கொடுக்க முடியாத ஒரு வாடகை வண்டிக்காரரின் சக்கரத்தில், இன்னொரு குடும்பத்தைச் சுமந்துகொண்டு இதே சாலையில் ஓடும். 'பட்டன் இருக்கே' என்று அவரிடமும் யாராவது சொல்வார்கள்.

கழிவு கொடுக்க வேண்டாம், பக்கச் சுவரில் வெட்டிக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் தயங்கினார், பிறகு பையனை அழைத்தார். நாலிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கத்தி இறங்கியது. வெட்டுப்பட்ட டயர் படகின் பக்கவாட்டில் தொங்கி மோதலைத் தாங்கும் வேலைக்குத் தாராளமாக ஆகும். அக்கரைப்பேட்டை மீனவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

உங்கள் வண்டியில் டயர் மாற்றும் நாளில் ஐந்து நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள். கழற்றியதில் வயதானது எதுவோ அதைக் கண்ணெதிரில் வெட்டச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.